அம்மாவின் நீச்சல் வகுப்பு

"உங்க அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு. நீச்சல் கத்துக்கப் போறாங்க" என்றாள் அண்ணி, போனில்.

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. "இந்த வயசிலயா?"

"வயசை விடு. கத்துக் கொடுக்கிறது யார் தெரியுமா? அந்த ஒல்லி."

சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணனும் அவன் சிநேகிதன் ஒல்லியும் ஒன்றாகத்தான் ஆற்றில் இறங்கினார்கள். கரையேறியது ஒல்லி மட்டும். "விரல் வரைக்கும் எட்டினான், பிடிக்க முடியலை" என்று வந்து அழுதவனை, அண்ணி வாசலோடு அனுப்பிவிட்டாள். சின்னவளும் தடுக்கவில்லை. அதன்பிறகு வீட்டில் யாரும் அவன் பேச்சையே எடுத்ததில்லை.

பெற்றவள் எப்படி மறந்தாள்?

ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக நீச்சல் குளத்துக்கே போனாள்.

மத்தியான நேரம். வேறு யாரும் இல்லை. கூரைக் கண்ணாடி வழியே இறங்கிய வெயில், தண்ணீரில் பட்டுச் சுவரெல்லாம் நெளிந்துகொண்டிருந்தது. நடுவில் அம்மா மல்லாந்து மிதந்தாள். நரைத்த முடி சுற்றிலும் விரிந்து ஆடியது. அவள் முதுகுக்கடியில் கை கொடுத்தபடி, மார்பளவு தண்ணீரில் ஒல்லி.

"விட்டுடாதேடா."

"விடமாட்டேன்மா. மூச்சை மெதுவா விடுங்க."

குரல்கள் எங்கோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி இருந்தன. சண்டை போட வந்த சின்னவள், கனவு காண்பவளைப் போலத் தூணோரம் நின்றுவிட்டாள்.

ஒல்லி கையை எடுத்தான். அம்மா இரண்டு தடவை கையை வீசினாள். அப்படியே உள்ளே போய்விட்டாள்.

சின்னவள் வாய் திறப்பதற்குள் அவன் பாய்ந்து அம்மாவை அள்ளித் தூக்கிவிட்டான்.

"பயந்துட்டீங்களாம்மா?"

"நீ இருக்கியே, எனக்கென்ன பயம்?" அம்மா இருமினாள்.

அவன் முகம் மெல்ல மலர்ந்தது. "இன்னைக்கு இது போதும். உங்களுக்குச் சூடா டீ வாங்கிட்டு வரேன்."

அவன் கதவைத் தாண்டியதும் அம்மா சுவரை ஓர் உதை உதைத்தாள். தண்ணீர் அதிகம் கலங்காமல், நீளநீளமாகக் கைபோட்டு, சாவகாசமாக மறுகோடிக்குப் போய்த் திரும்பி வந்தாள். நிமிர்ந்தால், படியில் மகள்.

"உனக்கு நீச்சல் தெரியுமாம்மா?"

"உன் அண்ணனுக்குக் கத்துக் கொடுத்ததே நான்தானே. நீ பிறந்தப்புறம் எனக்கு எங்கே நேரம் கிடைச்சுது?"

"அப்போ இவன்கிட்ட எதுக்குக் கத்துக்கிறே?"

அம்மா முடியைப் பிழிந்தபடி கதவுப் பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மெதுவா பேசு. நீச்சல் மாஸ்டரா இருந்தவன், அதுக்கப்புறம் தண்ணியிலயே இறங்காம வாசல்ல டிக்கெட் கிழிச்சிட்டு உட்கார்ந்திருந்தான். என் பிள்ளை போனது போனதுதான். இவனாவது தினம் ஒருத்தியைக் காப்பாத்திட்டு, நிம்மதியா வீட்டுக்குப் போகட்டுமேன்னுதான் நான் முங்குறேன்."