பக்கத்துச் சொற்கள்

அண்ணன் அண்ணியைப் பார்த்து, "நர்ஸ்" என்றான்.

அண்ணி சாப்பாட்டுத் தட்டோடு அப்படியே நின்றாள். நான் மடிக்கணினியை அவன் கட்டிலோரம் நகர்த்தினேன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவனுக்குச் சொற்கள் இடம் மாறி வந்தன. கதவைத் திறக்கச் சொல்ல நினைத்து ஜன்னல் என்பான். தண்ணீர் கேட்க நினைத்தால் வாயில் பால் என்று வரும். நாங்கள் பாலைக் கொண்டுவந்து நீட்டும்போது கண் கலங்குவான்.

அதற்காகத்தான் மடிக்கணினியில் இந்தச் செயலியை எழுதினேன்.

கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்த, 'லாங்குவேஜ் மாடல்' எனப்படும் மொழி மாதிரி ஒன்று அதற்குள் இருந்தது. எந்தச் சொல் எந்தச் சொற்களோடு பழகுகிறது என்று பார்த்து, ஒவ்வொன்றையும் எண்களாக்கி, பொருளில் நெருங்கியவற்றை அக்கம்பக்கமாக உட்கார வைத்திருந்தது. அவன் சொன்னதைத் தட்டினால் அதன் பக்கத்துச் சொற்கள் திரையில் வரும். வேண்டியதை அவன் விரலால் தொடுவான்.

முதன்முதலாகத் 'தண்ணீர்' என்பதைத் தொட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான். அண்ணி சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

ஒருநாள் என்னை மேனேஜர் என்றான். திரை 'அதிகாரி', 'முதலாளி' என்று அடுக்கியது. இதில் திருத்த ஒன்றுமில்லையே என்று அண்ணி சொல்ல, மூவரும் வெகுநேரம் சிரித்தோம்.

இப்போது 'நர்ஸ்' என்று தட்டினேன்.

செவிலியர். டாக்டர். வார்டு. ஊசி.

அவன் விரல் எதிலும் இறங்கவில்லை. உதட்டைப் பிதுக்கினான்.

பட்டியலை நீட்டினேன். நோயாளி, ஆயா, பணிவிடை. இன்னும் கீழே போனேன். அம்மா வந்தது. சகோதரி வந்தது. அண்ணி தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவளும் நானும் ஒரே சொல்லைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

வெகு கீழே இருந்தது, மனைவி.

அண்ணனின் விரல் சட்டென்று அதில் இறங்கியது. எடுக்கவே இல்லை.

அண்ணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "இங்கதாங்க இருக்கேன்" என்று அவன் கையைப் பிடித்தாள்.

அவன் கையை மெதுவாக, மரியாதையாக விடுவித்துக்கொண்டான்.

'மனைவி'யை மறுபடி தொட்டான். அறையின் வாசலைக் காட்டினான். பிறகு அண்ணியை நிமிர்ந்து பார்த்து, உதவி கேட்கிற குரலில், "நர்ஸ்" என்றான்.

எனக்குத் திரும்பி அண்ணியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவள் போர்வையை அவன் மார்புவரை இழுத்துவிட்டாள். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"சொல்லி அனுப்பியிருக்கு சார். உங்க வீட்டம்மா வந்துட்டே இருக்காங்க. அதுக்குள்ள ரெண்டு வாய் சாப்பிட்டுடுங்க."

அண்ணன் சமாதானமாகி வாயைத் திறந்தான்.