கை தாவுது

"இதுவும் ஓடலை ஜிஜோ" என்று பென்டிரைவை மேஜைமேல் வைத்தார் மாத்துக்குட்டி. "ரெண்டு நிமிஷம் படம் வந்துச்சு. அப்புறம் டிவி அப்படியே நின்னுபோச்சு. நாளைக்குள்ள எப்படியாவது ஓடணும்டா."

தொடுபுழாவில் கல்யாண வீடியோ எடிட்டிங் என்றால் ஜிஜோதான். வேலை சுத்தம், வாய்தான் ஓயாது. மாத்துக்குட்டி மகளின் கல்யாணத்தில் யாரோ எடுத்துக் கொடுத்த காட்சிகளை வெட்டி ஒட்டியது அவன்.

"தப்பு என்மேல இல்ல சேட்டா. நான் கொடுத்தது ஃபோர்கே, பெரிய படம். நொடிக்கு அம்பது படம். ஒவ்வொரு டிவிக்கும் இவ்வளவுதான் தாங்கும்னு ஒரு லெவல் இருக்கு. உங்க டிவிக்கு 4.1. என் வீடியோ 5.2."

"அதான் குறைச்சிட்டேன்னு சொன்னியே?"

ஜிஜோ தலையைச் சொறிந்தான். படத்தின் அளவை மட்டும் சுருக்கிவிட்டு, மேலே 4.1 என்று லேபிள் ஒட்டி அனுப்பியிருந்தான். சரக்கை மாற்றாமல் லேபிளை மாற்றினால் குடிக்கிறவனுக்குத் தெரியாதா? டிவிக்கும் தெரிந்துவிட்டது.

"பதினஞ்சு ஏக்கர் ரப்பர் வச்சிருக்கீங்க. பொண்ணுக்கு நூறு பவுன் போட்டீங்க. ஒரு புது டிவி வாங்கினா குறைஞ்சா போயிடுவீங்க?"

"அதை மாத்த முடியாதுடா. அது வந்து..."

"முடியாதுன்னா விடுங்க, நான் பார்த்துக்கறேன்."

கஞ்சன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, ஐம்பது படங்களில் ஒன்று விட்டு ஒன்றை எடுத்தெறிந்தான். நொடிக்கு இருபத்தைந்து. இப்போது நிஜமாகவே 4.1-க்குள் அடங்கியது.

சாயங்காலமே மாத்துக்குட்டி திரும்பி வந்தார்.

"ஓடுது. ஆனா கை தாவுது."

"எந்தக் கை?"

"ரிசப்ஷன் மேடையில பொண்ணோட கை. இங்கே இருக்கு, அடுத்த நிமிஷம் அங்கே குதிக்குது."

ஜிஜோவுக்குப் புரிந்துவிட்டது. "ஓஹோ, வளையலா? ஊருக்கே பளிச்சுன்னு தெரியணுமாக்கும். பெரிய படமா வேணும்னா இருபத்தஞ்சுதான். அம்பது வேணும்னா படம் சின்னதாகி மங்கும். ரெண்டையும் சேர்த்து அந்த டிவி தாங்காது. எது வேணும்?"

"அம்பது." அவர் யோசிக்கவே இல்லை. "மங்கினாப் பரவாயில்ல, தாவக் கூடாது. அப்படியே கை மேல தூவியிருக்கியே பூமழை, அதையும் எடுத்துடு."

"அந்தப் பாட்டு?"

"பாட்டு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

ஜிஜோவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மூணு நாள் உக்காந்து பண்ணினது சேட்டா! உங்க பொண்ணு வாயே திறக்காம அஞ்சு நிமிஷம் கையை ஆட்டிக்கிட்டு நிக்கிறா. ஏதோ டான்ஸ் ஆடப் பார்த்து வரலை போலிருக்குன்னு நான்தான் பாட்டும் பூவும் போட்டு மானத்தைக் காப்பாத்தினேன். உங்களுக்கு வளையல் தெரிஞ்சாப் போதும், இல்ல?"

மாத்துக்குட்டி கோபப்படவில்லை. அவன் மூச்சு வாங்கும் வரைக்கும் காத்திருந்தார்.

"அது என் டிவி இல்லடா. ஆஸ்பத்திரி டிவி. கல்யாணத்துக்கு முந்தின நாள் என் கூடப்பிறந்த சேச்சி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சுபோச்சு. காலில வெயிட் கட்டி மல்லாக்கப் போட்டிருக்காங்க. சுவத்துல இருக்கிற அந்த டிவி மட்டும்தான் அவ கண்ணுக்கு எட்டும். நாளை மறுநாள் ஆபரேஷன். அதுக்குள்ள கல்யாணத்தைப் பார்க்கணும்னு துடிக்கிறா."

ஜிஜோவின் குரல் இறங்கிவிட்டது. "அதுக்கும் இந்தக் கைக்கும் என்ன சேட்டா?"

"சேச்சிக்குப் பொறந்ததுல இருந்தே காது கேக்காது, பேச்சும் கிடையாது. பொண்ணை வளர்த்ததே அவதான். வர முடியலையேன்னு, பொண்ணு மேடையில நின்னு கேமராவைப் பார்த்து அவகிட்டக் கையால பேசியிருக்கா. நீ பாதிப் படத்தை எடுத்துட்டுக் கொடுத்தியே, அதைப் பார்த்துட்டு சேச்சி என்கிட்டக் கையாலேயே கேட்டா: 'நல்லாப் பேசிக்கிட்டிருந்த பொண்ணு, கல்யாணம் ஆனதும் ஏண்டா இப்படித் திக்குறா?'"