மூக்கு நுனியில் ஒரு ரேகை

கண்காட்சிக் கூடத்தின் பின்னறையில் குழல்விளக்கு ஓயாமல் ரீங்கரிக்கிறது. மேசைமேல் மல்லாந்து கிடக்கிறது அக்காவின் முகம், எண்ணெய் வண்ணத்தில். வரைந்த தங்கை ஓவியக் கல்லூரியின் கடைசி வருட மாணவி. இரவல் வெள்ளைக் கையுறைகளோடு பக்கத்தில் நிற்கிறாள். காட்சிக்கு வைக்கப் படத்தைக் கூடத்தார் பெற்றுக்கொள்ளும் முன் அதிலுள்ள கீறல், கறை எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டுமாம். அவளுக்கு இது முதல் கண்காட்சி. கூடத்தின் சார்பில் சரிபார்க்கும் பெண்ணின் டார்ச் வெளிச்சம் நெற்றியிலிருந்து சாய்வாக ஊர்ந்து, மூக்கு நுனியில் நிற்கிறது. "இங்க விரல் ரேகை பதிஞ்சிருக்கே, உங்களோடதா?" "அக்காவோடது." அன்றைக்கு வண்ணம் காய்ந்திருக்கவில்லை. 'மூக்கும் முழியுமா வரையச் சொன்னா, மூக்க மட்டும் வரைஞ்சு வெச்சிருக்கியேடி' என்று சொல்லி அக்கா அதை ஒரு அமுக்கு அமுக்கினாள். அவள் இறந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். "அழிச்சிடலாமா? அஞ்சு நிமிஷ வேலை." "வேண்டாம்." அந்தப் பெண் ரேகையின்மேல் படாமல் அளவுகோலைப் பிடிக்கிறாள். பதினான்கு மில்லிமீட்டர். படிவத்தில் 'சேதம்' என்றிருக்கும் கட்டத்தில் மாணவி அதை எழுதுகிறாள். எழுத்து கோணாமல் விழுகிறது. கையுறைக்குள் இருப்பவை யாருடைய விரல்களோ போலிருக்கின்றன. "படம் ஒரு மாசம் இங்கதான் இருக்கும். அக்கா பாக்க வந்தாங்கன்னா, மறுபடி தொட்டுடப் போறாங்க. சொல்லி வெச்சிடுங்க." "தொட மாட்டா." "நிச்சயமா?" மாணவி தலையாட்டுகிறாள். "அப்ப சரி" என்று அந்தப் பெண் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டுகிறாள்.