மச்சானின் அறையில் கறையான்

கறையான் அரித்த கட்டை ஒன்றை மச்சானின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தது குணசீலன்தான். நாட்டுக் கறையான் குடியேறிய அறையில் மனிதர் தங்கக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போவதாகச் சொல்லி வந்த ஆவுடையப்பன், அந்த அறையிலேயே மூன்று தீபாவளி கொண்டாடிவிட்டார். மனைவியின் அண்ணனைப் போகச் சொல்ல முடியுமா? அதைக் கறையான் சொல்லட்டும்.

சுவரில் புற்றுமண் எழும்பியதும் மனைவி பூங்கோதை அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துவிட்டாள். இனி யாரும் சுரண்ட மாட்டார்கள் என்று குணசீலனுக்கு நிம்மதி.

ஆய்வுக்கு வந்த எஸ்தர் மேடம், பெரிய தலையுள்ள காவல் கறையான் ஒன்றை இடுக்கியால் எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தார். அதன் நெற்றியில் பால் போல ஒரு சொட்டு சுரந்தது.

"இது நாட்டுக் கறையான் இல்ல சார். கப்பல்ல வந்த மரத்துல இருந்து பரவுனது."

"அப்போ?"

"மருந்தடிச்சிருவோம். ஆனா சட்டப்படி இந்த ரூம்ல படுத்தவரு இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. போற இடத்துக்கெல்லாம் கொண்டுபோயிருவாரு."

"எத்தனை நாளைக்கு?"

"அஞ்சு வருஷம்."

வாசலில் நின்ற ஆவுடையப்பன் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"தென்காசில வேலை கிடைச்சிருக்கு, இன்னைக்கே கிளம்பலாம்னு இருந்தேன் மாப்ளே. பரவால்ல, சட்டத்தை மீற முடியுமா?"