சிவப்பில்லாத படம்

ரோவினா கேமராவில் சிவப்பை இன்னும் கொஞ்சம் குறைத்து, பச்சையை ஏற்றினாள். முற்றத்து மேப்பிள் மரம் இலையெல்லாம் சிவந்து நின்றது. திரையில் அதுவே கீரைப்பாத்தி மாதிரி பச்சைப்பசேலென்று தெரிந்தது.

காலையிலிருந்து இதே வேலைதான். வாசற்படியில் வைத்த பூசணிக்காய், கொடியில் காயும் துணி, கூட்டிக் குவித்த சருகு என்று கண்ணில் பட்டதையெல்லாம் நிறத்தை மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்துவிட்டாள். படம் பிடிக்கிற ஆசை ஒன்றும் இல்லை, அவளுக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

போன வருஷம் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் காட்டில் மான் வேட்டை. மான் என்று நினைத்து அவள் கணவன் லீலண்டைச் சுட்டுக் கொன்றது, அவன் கூடப்பிறந்த தம்பி வெண்டெல். வேட்டைக்குப் போகிறவர்கள் எல்லோரும் போடுகிற பளீர் ஆரஞ்சுச் சட்டைதான் லீலண்டும் போட்டிருந்தான்.

தனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, கேலி செய்வார்கள் என்று சின்ன வயதிலிருந்தே மறைத்துவிட்டேன் என்று விசாரணையில் கதறினான் வெண்டெல். டாக்டர் காட்டிய வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களில் ஒன்றைக்கூட அவன் படிக்கவில்லை. பாவம், அவன் என்ன செய்வான் என்று ஊரே விட்டுவிட்டது.

அந்த வெண்டெல்தான் அதற்கப்புறம் அவளுக்கு விறகு பிளந்து போட்டான், ஒழுகிய கூரையை மாற்றினான். இப்போது கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டான். அவளுக்கும் பிரியம்தான். ஆனால் அந்த ஆரஞ்சு ஒரு கண்ணுக்குத் தெரியாமல் போகுமா என்ற கேள்வி மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது.

லீலண்டின் இன்னொரு ஆரஞ்சுச் சட்டையை ஊசியிலை மரத்தில் மாட்டினாள். முதலில் சாதாரணமாக ஒரு படம், பிறகு சிவப்பைக் குறைத்து ஒன்று. இரண்டாவதில் சட்டையைக் காணோம், மரம் மட்டும்தான் இருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள்.

விறகுக் கொட்டகையிலிருந்து வெண்டெல் ஓடி வந்தான். "என்ன ரோ, என்னாச்சு?"

இரண்டு படங்களையும் காட்டினாள். "இதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், சொல்லு பார்ப்போம்."

அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். "ரெண்டும் ஒண்ணுதானே. வெறும் மரம்."

"உன் அண்ணன் சட்டை தொங்குது, வெண்டெல்."

"தொங்குதா?" அவன் குரல் உடைந்தது. "இதைத்தான் ரோ, நான் அன்னைக்கும் சொன்னேன்."

இந்த மனுஷனைப் போய் மனசுக்குள்ளே இத்தனை நாள் கொலைகாரனாக வைத்திருந்தோமே என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி. கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே கல்யாணத்தை வச்சுக்கலாம்."

"நிஜமாவா சொல்ற?"

"நிஜமாத்தான். போய் அந்தச் சுவரோரமா நில்லு. எங்க அக்காவுக்குப் படம் அனுப்பணும். உன்னைத் திட்டாம அவளுக்குச் சாப்பாடே இறங்காது."

"இந்தத் தூசியோடவா? இரு, தலையையாவது சீவிக்கிறேன்."

"ரொம்பத்தான். மாப்பிள்ளை ஆயிட்டாராம்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த கேமராவை அப்படியே தூக்கி ஒரு படம் எடுத்தாள். வெண்டெல் சிரித்தபடி வந்து, அவள் தோளில் கைபோட்டு, திரையை எட்டிப் பார்த்தான். அவன் முகம் சுளித்தது.

"என்ன ரோ, என் மூஞ்சி இப்படிப் பச்சையா விழுந்திருக்கு?"