காயில் வயர்

"நான் மாட்டுன காயில் புதுசுதாண்ணே. சந்தேகமா இருந்தா கழட்டியே காட்டுறேன்."

மெக்கானிக் அப்துல் லத்தீப் அப்படிச் சொல்லியும் நல்லகாமன் நம்புவதாக இல்லை. அலங்காநல்லூரில் அரிசி மில் வைத்திருப்பவர் அவர். மதுரையிலிருந்து தினமும் தன் அம்பாசிடரைத் தானே ஓட்டிக்கொண்டு போய் வருவார். ஒரு மாதமாக அந்த வண்டி அவரைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல.

மனைவி சீனியம்மாளோடு மில்லிலிருந்து திரும்பிய ஒரு சாயங்காலம், ஊர் எல்லை வளைவில் மெல்லத் திரும்பும்போது படக்கென்று அணைந்தது. அதிலிருந்து பல காலைகளில் ஸ்டார்ட் ஆவதில்லை. பிளக்கை மாற்றியாயிற்று. காயிலையும் மாற்றியாயிற்று. லத்தீப் வந்து கை வைத்தால் ஓடும். ஓரிரு நாளில் மறுபடியும் படுத்துவிடும்.

லத்தீப் பிளக்குகளைக் கழற்றிக் காட்டினார். கரி இல்லை, ஈரம் இல்லை. காயில் வயரின் நுனியை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். நீலப் பொறி பளிச்சென்று தாவியது. காயில் கெட்டிருந்தால் இப்படித் தாவாது என்றார். வயர்தான் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் லேசாக விலகியிருக்கிறதாம். வண்டி குலுங்கியதில் விலகியிருக்குமாம்.

ராத்திரி முழுக்க ஷெட்டில் நின்ற வண்டி எப்படிக் குலுங்கும்?

கேட்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். லத்தீப்பின் பார்வை ஒரு நொடி வாசற்படிக்குப் போய்த் திரும்பியது. அங்கே நின்றவள் சீனியம்மாள்.

நல்லகாமனுக்குள் ஏதோ சுருக்கென்றது. போன வாரம் அவர் கை கழுவிவிட்டு வந்தபோது இவர்கள் இருவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் பேச்சு நின்றது. 'பஸ்ஸுல போங்களேன்' என்று இவள் நச்சரிப்பதும் இப்போதுதான். வண்டியை மச்சினன் சுருளிக்கே கொடுத்துவிடலாம் என்றுகூட ஒருநாள் சொன்னாள். சுருளிக்கு அந்த வண்டிமேல் எப்போதும் ஒரு கண். அக்காவும் தம்பியும் மெக்கானிக்கைக் கையில் போட்டுக்கொண்டார்களா?

மறுநாள் விடிந்ததும் குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கொல்லைப்புறமாகச் சுற்றி வந்தார். ஷெட்டில் பானெட் திறந்திருந்தது. குனிந்திருந்தவளின் மணிக்கட்டை அப்படியே பிடித்தார். சீனியம்மாளின் விரல்களில் காயில் வயர்.

"லத்தீப்பு சொல்லிக் குடுத்தானா?"

"நாந்தான் கேட்டேன். எதை இழுத்தா வண்டி கெடாம நிக்கும்னு."

"உன் தம்பிக்காக எனக்கே குழி பறிக்கிறியா?"

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. தம்பிக்கு இது எதுவும் தெரியாது என்றாள். கண்ணாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்ன போதெல்லாம் அவர் சீறியதை நினைவுபடுத்தினாள். அவர் பிடி தளரவில்லை.

"அன்னைக்கு ஊர் எல்லையில வண்டி தானா நிக்கல. நாந்தான் சாவிய அணைச்சேன்."

"எதுக்கு?"

"குடத்தோட ஒரு பிள்ளை ரோட்டைக் கடந்துக்கிட்டிருந்துச்சு. கத்தணும்னு பாக்குறேன், சத்தம் வரல. கை சாவிக்குப் போயிருச்சு. ஒரு முழம் தள்ளி வண்டி நின்னுச்சு. குடத்தைப் போட்டுட்டு அது அலறிக்கிட்டு ஓடுச்சு. நீங்க இறங்கி எஞ்சினைத்தான் திட்டுனீங்க. ஓடுன பிள்ளையவும் பாக்கல, உங்க காலடியில கிடந்த குடத்தையும் பாக்கல."