மூக்கில் வைத்த சந்தனம்

நகராட்சியின் இந்தப் புதிய ஆளில்லா விமானம் மேலிருந்து பார்த்து ஓர் இடத்தை ஏரி என்று சொல்லிவிட்டால் அது ஏரிதான். அங்கே இருக்கும் வீடுகளுக்கு அன்று மாலை ஆறு மணிக்கு மின்சாரம் நின்றுவிடும். மேல்முறையீடு செய்தால் அதே விமானம் மறுபடி வரும்.

விமானத்தை இயக்கும் மணிமொழி இறக்கைகளைப் பூட்டி, பேட்டரியை இறுக்கிக் கட்டினாள். தொடக்க விழாவில் நகராட்சித் தலைவர் நாற்பது நிமிடம் பேசிவிட்டு, அதன் மூக்கில் சந்தனத்தை அப்பினார். காற்றின் வேகத்தை அளக்கும் துளை அடைத்துக்கொண்டது.

மணிமொழியின் வீடு தூர்ந்துபோன ஏரிக்குள்தான் இருந்தது. தலைவரின் திருமண மண்டபமும் அங்கேதான். தான் தொடங்கி வைத்த விமானம் தன்னையே காட்டிக்கொடுக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

சந்தனத்தை அப்படியே விட்டால் விமானம் விழும், வீடு தப்பும். ஆனால் விழும் இடம் பேருந்து நிலையம். அவள் துணியை எடுத்துத் துடைத்தாள்.

"என்னம்மா, நான் வெச்ச சந்தனத்தைத் துடைக்கிற?" என்றார் தலைவர்.

"துளை அடைச்சா கீழ விழுந்துடுங்க."

"நான் வெச்சா விழாதும்மா."

"ஃபிளைட்டுக்கு உங்களைத் தெரியாதுங்களே."

விமானம் பறந்து, பார்த்து, பத்திரமாக இறங்கியது. வீட்டுக்குப் போகும் வழியில் மணிமொழி மெழுகுவர்த்தி கேட்டாள்.

"கரண்ட் இருக்குதேம்மா" என்றார் கடைக்காரர்.

"ஆறு மணி வரைக்கும்தாண்ணா. தலைவர் மண்டபத்துக்கும் நாலு பாக்கெட் எடுத்து வைங்க. ஆள் வரும்."